பெருந்தலைவர் காமராசரும் அவர் ஏற்ற பொறுப்பும்

ஆட்சிக்குப் புதிதாக வருவோர், நாட்டில் நிலவும் குறைகளுக்கெல்லாம் தமக்கு முன் ஆண்டவர்களே காரணம் என்று கூறுவது, தேர்தல் நடைபெறும் எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். கருவூலத்தில் பணமில்லை, கடன் பெருகிக் கிடக்கிறது, கோப்புகள் ஒழுங்காக இல்லை என்று முதல் ஆண்டில் கூறுவர். மக்களும் பொறுமையுடன் கேட்டுக்கொள்வர். நான்காம் ஆண்டிலும் அதே பேச்சுத் தொடருமாயின் கேட்டவர்களே எள்ளி நகையாடத் தொடங்குவர்.

இஃது ஆள்வோரைப் பற்றிய செய்தி, நமக்கென்ன என்று நம் சமுதாய இளைஞர் எண்ணிவிடலாகாது. 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தத்தின் பயனாக ஊராட்சி மன்றங்களில் நம்மவர்க்கு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. முன்பு அலுவலக வாசலில் நின்று மனு நீட்டியவரின் மகளும் மகனும் இன்று தலைவர் நாற்காலியில் அமர்கின்றனர். அமர்ந்த மறுநாளே சேரிக்குக் குடிநீர்க் குழாய் ஏன் வரவில்லை, சுடுகாட்டுப் பாதை ஏன் போடப்படவில்லை என்று நம் மக்களே அவர்களைக் கேட்கின்றனர். பழைய தலைவர் செய்யவில்லை என்ற விடை உண்மையானதே. ஆனால் அவ்விடையால் குழாயில் நீர் வருவதில்லை.

மறுபுறம், நேற்றைய கொடுமையைப் பேசாதீர், பழையன கழியட்டும், இனி நடப்பதைப் பாருங்கள் என்று நமக்கு அறிவுரை கூறுவோரும் உளர். அவர்களுள் பெரும்பாலோர் அந்தப் பழையனவற்றின் பயனை இன்றும் துய்த்து வருபவர்கள். அவர்தம் அறிவுரையை நாம் ஏற்பதற்கில்லை. ஆக, முன்னவரைக் குறை கூறுதல் எங்கே தகும், எங்கே தகாது என்னும் வினாவிற்கு நாம் விடை கண்டாக வேண்டும். அதனை வெறும் சொல்லாராய்ச்சியாகச் செய்வதைவிட, ஒருவருடைய வாழ்வைக் கொண்டு காண்பது நலம் எனக் கருதிக் காமராசரை ஈண்டு எடுத்துக்கொண்டோம். விழா மேடைகளில் அவரைப் புகழ்ந்து இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லி அமர்வது எளிது. அவ்வழியில் செல்ல நாம் விரும்பவில்லை.

காமராசர் 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் விருதுநகரில் பிறந்தார். அந்நாளில் அவ்வூருக்கு விருதுபட்டி என்று பெயர். தந்தையார் குமாரசாமி, தாயார் சிவகாமி அம்மையார். சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பின்னர் மாமன் கருப்பையா அவர்களின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். அவர் பிறந்த நாடார் சமுதாயமும் அக்காலத்தில் கோயில்களுக்குள் நுழைய இடமின்றி நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த சமுதாயமே. ஆனால் அச்சமுதாயத்தார் வணிகத்தில் சேர்த்த மகமைப் பணத்தையும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியையும் கொண்டு பள்ளி நடத்தினர். காமராசர் எழுத்தறிந்த சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு வளர்ந்த பள்ளியாகும். நம் கல்விச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு இச்செய்தி பல நினைவுகளைத் தரும்.

1920ஆம் ஆண்டையொட்டிக் காங்கிரசில் சேர்ந்த அவர், தாழ்த்தப்பட்டோரும் பிற ஒடுக்கப்பட்ட சாதியாரும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924இல் வைக்கத்தில் எழுந்த போராட்டத்திற்குச் சென்றார். 1930இல் உப்பு அறப்போரில் சிறைப்பட்டு வங்காளத்து அலிப்பூர்ச் சிறையில் இருந்தார். அவர் சிறையில் கழித்த காலம் மொத்தம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். 1941இல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் நகராட்சிக்குச் சென்று அந்த நாற்காலியில் அமர்ந்து, உடனே பதவி விலகல் கொடுத்துவிட்டு வெளியேறினார். கட்சிப் பணியையும் நகராட்சிப் பணியையும் ஒருங்கே செய்ய இயலாது என்பது அவர் கருத்து. பதவி என்பது செய்வதற்குரியதேயன்றி வைத்திருப்பதற்குரியதன்று என்னும் எண்ணம் அவரிடம் அப்போதே இருந்ததை இதனால் அறியலாம்.

1936இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானபோது காமராசர் செயலாளரானார். 1940இல், ராசாசி ஆதரித்த வேட்பாளரான சி. பி. சுப்பையாவை வென்று தாமே தலைவரானார். அன்று தொடங்கிய ராசாசி, காமராசர் பூசல் பல்லாண்டு நீடித்தது. 1946இல் காந்தியடிகள் தம் ஏட்டில் ராசாசியை உயர்த்தியும், அவரை எதிர்ப்போரைச் சிறு கும்பல் எனக் கருதும்படியும் எழுதியமையால் மனம் புண்பட்ட காமராசர், கட்சியின் ஆட்சிமன்றக் குழுவிலிருந்து விலகினார். பிற்காலத்தில் 1954இல் அவர் நடந்துகொண்ட முறையை மதிப்பிட வேண்டுமாயின் இப்பகையின் ஆழத்தை நாம் மறக்கலாகாது. குறை கூறுவதற்கு அவரிடம் காரணங்கள் நிரம்ப இருந்தன.

இனி 1952க்கு வருவோம். குடியரசின் முதற் பொதுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. பெரும்பான்மை இல்லாத அந்நிலையில் ஓய்விலிருந்த ராசாசியை அழைத்தனர். மக்களிடம் வாக்குக் கேளாமலே அவர் மேலவைக்கு நியமிக்கப்பட்டு 1952 ஏப்ரல் 10ஆம் நாள் முதலமைச்சரானார். அவர் ஆட்சியை முற்றும் கறுப்பாகத் தீட்டுவது நேர்மையாகாது. உணவுப் பங்கீட்டுக் கட்டுப்பாட்டைத் துணிந்து நீக்கினார். தஞ்சை மாவட்டப் பண்ணையாட்களுக்கும் குத்தகையாளருக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் 1952இல் அவர் ஆட்சியிலேயே வந்தது. அதற்கும் முன்னர், 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயரின் தலைமையில் கக்கன் உள்ளிட்ட நம்மவர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நுழைந்தபோது அதற்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தவரும் முதலமைச்சராக இருந்த இராசாசியே. அதற்கு முந்தைய ஆண்டில் எம். சி. ராஜா கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவுக்கு அவர் துணை நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வரவும் செலவும் ஒரே ஏட்டில் எழுதப்படுபவை அல்லவா?

அத்தகையவர் 1953இல் கொண்டுவந்ததுதான் மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம். ஊர்ப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் படித்தல் வேண்டும். எஞ்சிய பொழுதில் தத்தம் பெற்றோரின் தொழிலைக் கற்றல் வேண்டும். பள்ளி இரண்டு வேளைகளாக நடைபெறும். ஒரே ஆசிரியரைக் கொண்டு இரு மடங்குப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். அரசியல் சட்டமோ பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தாண்டுக்குள் கட்டாய இலவசக் கல்வி தர முயல வேண்டும் என்று பணித்திருந்தது. பணம் போதாது, ஆசிரியர் போதார். இந்நெருக்கடியில் பிறந்த கணக்கு அது. கணக்கு என்ற அளவில் அதில் பிழை காண்பது அரிது.

பெற்றோரின் தொழில் என்னும் இரண்டு சொற்களில்தான் கொடுமை முழுவதும் அடங்கியிருந்தது. குயவர் மகன் சக்கரம் சுற்றுவான், தச்சர் மகன் உளி பிடிப்பான் என்று திட்டத்தை வரைந்தோர் எண்ணியிருக்கலாம். நம் வீட்டுப் பிள்ளை எதைக் கற்பான்? செத்த மாட்டை இழுப்பதையா, பிணத்துக்கு முன் பறை முழக்குவதையா, வெட்டிமையையா, பண்ணையாரின் தொழுவத்தில் சாணி அள்ளுவதையா? தந்தை எந்தக் குழியிலிருந்து தன் மகனை மேலே தூக்கிவிடப் பள்ளிக்கு அனுப்பினானோ, அதே குழிக்குப் பிற்பகலில் அவனைத் திருப்பி அனுப்பியது அத்திட்டம். நகரத்துப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்பது இன்னொரு வேடிக்கை. அலுவலரின் மகனுக்கு முழுநாள் பள்ளி, உழவுக் கூலியின் மகனுக்கு அரைநாள் பள்ளி.

நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டிப் பெரியார் மாநாடுகள் கூட்டினார்; நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்குத் தொண்டர் படை நடந்தது. திராவிட முன்னேற்றக் கழகத்தார் மறியல் செய்து சிறை புகுந்தனர். காங்கிரசிலேயே டாக்டர் வரதராசுலு நாயுடு போன்றோர் எதிர்த்தனர். சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 138 வாக்குகளும் எதிராக 138 வாக்குகளும் விழுந்தன. 1954 மார்ச்சுத் திங்களில் ராசாசி உடல்நலங்கருதிப் பதவி விலகுவதாக அறிவித்தார்.

இங்கே நாம் ஒன்றை உற்று நோக்க வேண்டும். ஆட்சியாளரைக் குறை கூறியோர் அனைவரும் அப்போது ஆட்சிக்கு வெளியே நின்றவர்கள். அவர்கள் உரத்துக் குறை கூறியிராவிடில் அத்திட்டம் நிலைத்திருக்கும்; நம்முள் பலர் இக்கட்டுரையைப் படிக்கும் எழுத்தறிவைப் பெற்றிருக்க மாட்டோம். ஒடுக்கப்பட்டோர் வாசலில் நின்று எழுப்பும் குற்றச்சாட்டு அவர்களுக்குள்ள ஒரே கருவி. அதனைப் பழம்பகை என்று இகழ்வோர் தம் கையில் வேறு கருவிகள் உள்ளவர்கள்.

ஆனால் வாசலைக் கடந்து உள்ளே சென்று நாற்காலியில் அமர்ந்தவரின் நிலை வேறு. அவர் கையில் பேனா இருக்கிறது.

1954 மார்ச்சு 30ஆம் நாள் சட்டமன்றக் காங்கிரசுக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசருக்கு 93 வாக்குகளும், அவரை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41 வாக்குகளும் கிடைத்தன. ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். எட்டுப் பேர் மட்டுமே கொண்ட சிறிய அமைச்சரவையை அவர் அமைத்தார். அதில் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்துக்கு இடம் தந்தார். சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்துக்கும் இடம் தந்தார். சுப்பிரமணியம் ராசாசி அமைச்சரவையில் இருந்தவர்; அவ்வமைச்சரவையின் கல்வித் திட்டத்திற்குத் துணை நின்றவர். நிதியையும் கல்வியையும் அவரிடமே ஒப்படைத்தார் காமராசர்.

இதனைப் பெருந்தன்மை என்று கூறி முடித்துவிடுவோர் பலர். நமக்கு அது மட்டுமே காரணமாகத் தோன்றவில்லை. முன்னவர் ஆட்சி தீயது என்று முழங்கியிருந்தால் அவ்வாட்சியில் பங்கு கொண்டவர்களை அவர் அருகில் வைத்துக்கொள்ள இயலாது. மேலும் அம்முன்னவர் வேற்றுக் கட்சியினரும் அல்லர். காமராசர் தாமே பல ஆண்டுகள் தலைமை தாங்கி நடத்திய கட்சியினர். பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என முதலமைச்சர்கள் மாறி மாறி வந்ததில் அவர் கையும் இருந்தது. ராசாசியை நோக்கி நீட்டிய விரல் சற்றே வளைந்தால் அவரையே சுட்டும். அதை அறியாதவர் அல்லர் அவர்.

1954 மே 18ஆம் நாள், அதாவது பதவியேற்று நாற்பது நாளும் நிறையுமுன், மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் கல்வியமைச்சர் சுப்பிரமணியமே. எவர் அத்திட்டத்துக்கு ஆதரவாக நின்றாரோ அவர் வாயாலேயே அது நீக்கப்பட்டது. விசாரணைக் குழு இல்லை. முன்னவர்மீது கண்டனத் தீர்மானமும் இல்லை. தீமை இன்னதென்று அரசின் ஆணையிலேயே வெளிப்படையாயிற்று. அதற்குமேல் பேச்சு வேண்டியிருக்கவில்லை. அரசியல் மேடைகளில் காமராசர் ராசாசியை எதிர்க்காதவர் என்று நாம் கூறவரவில்லை. 1959இல் ராசாசி சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய பின் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றனர். தேர்தல் களத்துப் பேச்சு வேறு, ஆட்சி அறைக்குள் காட்டும் சாக்கு வேறு.

திட்டத்தை நீக்கியதால் நெருக்கடி நீங்கிவிடவில்லை. ராசாசி எதிர்ப்பட்ட அதே பற்றாக்குறை காமராசர் மேசைக்கும் வந்தது. இப்போது முழுநாள் பள்ளி நடத்த வேண்டும். அதற்குமேல் பள்ளியே இல்லாத ஊர்களுக்கும் பள்ளி தர வேண்டும். ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்பது குறிக்கோளாயிற்று. ஓராசிரியர் பள்ளிகள் பல்கின. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இப்பணியில் அவருக்கு வலக்கையாக விளங்கினார்.

பள்ளி வந்தும் பிள்ளை வரவில்லை. ஆடு மாடு மேய்த்தால் ஒரு வேளைக் கூழ் கிடைக்கும். பள்ளிக்கு வந்தால் அதுவும் இல்லை. 1956இல் பகல் உணவுத் திட்டம் தொடங்கியது. பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தபோது ஊராரையே கேட்டனர். ஊர்க்குழுக்கள் அரிசியும் பருப்பும் விறகும் திரட்டின. பின்னர் அரசும் செலவில் பங்கேற்றது. பிடியரிசியால் நடந்த பள்ளியில் படித்தவருக்கு இவ்வழி தோன்றியதில் வியப்பில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920இலேயே தியாகராய செட்டியார் காலத்தில் உணவளித்த முன்மாதிரியும் இருந்தது. அதனை நாடு முழுவதற்கும் விரித்தது காமராசர் ஆட்சி. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் கட்டடமும் பலகையும் கடிகாரமும் நன்கொடையாகத் தந்தனர். 1960இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பு வரை கட்டணமில்லாக் கல்வி வந்தது.

எல்லா ஊரிலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர் என்று எழுத நமக்கு ஆசைதான். நம் பெரியோர் கூறக் கேட்டவை அவ்வாறு எழுத விடவில்லை. தட்டைத் தள்ளி வைத்த ஊர்களும் உண்டு. ஆயினும் அந்தத் தட்டில் சோறு விழுந்தது. அந்தப் பிள்ளை மறுநாளும் பள்ளிக்கு வந்தது.

முன்னவர் விட்டுச் சென்ற நன்மைகளையும் காமராசர் கைவிடவில்லை. கீழ்பவானி அணை 1948இல் தொடங்கப்பெற்றது. அவர் காலத்தில் 1955இல் நிறைவுற்றது. தொடங்கியவர் வேறொருவர் என்பதற்காக வேலை நிறுத்தப்படவில்லை. தஞ்சைப் பண்ணையாள் சட்டத்தைத் தொடர்ந்து 1955இல் சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வைகை, அமராவதி, சாத்தனூர், மணிமுத்தாறு அணைகளும் நெய்வேலி நிலக்கரியும் பலரும் அறிந்தவையாதலின் அவற்றை விரிக்கவில்லை.

அவருடைய முதல் அமைச்சரவையில் நம் சமுதாயத்தைச் சார்ந்த பி. பரமேசுவரன் இடம் பெற்றார். அவரிடம் ஒப்படைக்கப்பட்டவற்றுள் இந்து அறநிலையத் துறையும் ஒன்று. எந்தக் கோயில் வாசலில் நம்மைத் தடுத்து நிறுத்தினார்களோ, அந்தக் கோயிலின் கணக்கைப் பார்க்கும் அமைச்சர் நம்மவர். இவ்வொரு நியமனம் நூறு சொற்பொழிவுகளுக்கு ஈடானது. கோயில்களில் நேற்று வரை நடந்த தீண்டாமையைப் பற்றி முதலமைச்சர் மணிக்கணக்கில் பேசியிருக்கலாம், கேட்டுவிட்டுக் கலைந்திருப்பார்கள். 1957இல் கக்கன் அமைச்சரானார். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்து, மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அன்று அச்சத்தோடும் உறுதியோடும் காலடி வைத்தவர், பொதுப்பணித் துறையை ஏற்றார்.

இத்துணையும் கூறிய நாம் மற்றொரு பக்கத்தையும் திறந்து காட்டக் கடமைப்பட்டுள்ளோம். 1957 செப்டம்பரில் முதுகுளத்தூர் வட்டாரம் எரிந்தது. செப்டம்பர் 10ஆம் நாள் அமைதிப் பேச்சுக்கு அதிகாரிகள் அழைத்தபோது, நம் மக்களின் சார்பாகத் தலை நிமிர்ந்து அமர்ந்தவர் இமானுவேல் சேகரன். மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. பின்னர் மூண்ட கலவரத்தில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன, கீழத்தூவலில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தனர்.

அப்போது காமராசர் ஆட்சிக்கு வந்து மூன்றரை ஆண்டுகள் ஆகிவிட்டன. சாதிப் பகைமை அவர் படைத்ததன்று. பல நூற்றாண்டுகள் மூத்தது. அதற்கு முன்னவர் யார் என்று தேடினால் வெள்ளையராட்சி வரையிலும், அதற்கு அப்பால் பாளையக்காரர் வரையிலும் போகலாம். ஆயினும் அமைதிப் பேச்சுக்கு அழைத்து வந்த ஒருவரை மறுநாள் உயிரோடு வைத்திருக்கும் கடமை அன்றைய அரசுக்கு உரியது; அதை முந்தைய அரசின் பேரில் எழுத முடியாது. அரசு பின்னர் கடுமையாக நடந்துகொண்டது உண்மை. முன்னரே விழிப்பாக இருந்திருக்கலாம் என்பது நம் கருத்து. காமராசரிடம் மாறாத அன்புடைய நம் பெரியோர் சிலர் இதனை எழுத வேண்டா என்பர். ராசாசிக்கு ஒரு தராசு, காமராசருக்கு வேறு தராசு என்று நாம் வைத்துக்கொள்ளலாமா?

நிலத்தைப் பற்றியும் அவ்வாறே. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் இயற்றப்பட்டது. உச்சவரம்பு 30 தர ஏக்கர், விலக்குகளோ பல. நிலமுடையோர் அறக்கட்டளை என்றும் உறவினர் பெயர் என்றும் எழுதிவைத்துத் தப்பினர். உழுதவன் கைக்கு வந்த நிலம் சிறிதே. 1967இல் அண்ணாவின் தலைமையில் புதிய ஆட்சி வந்தது. இரண்டாண்டு நிறைவதற்குள் 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காகக் கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். நிலத்தைப் பங்கிடாமல் விட்டது பழைய ஆட்சி. காவல் செய்யாமல் விட்டது புதிய ஆட்சி. இரண்டில் எது பெரிய குற்றம் என்று கட்சியினர் வழக்காடலாம். எரிந்தவர்களின் உறவினருக்கு அவ்வழக்கால் ஆவதொன்றுமில்லை. உச்சவரம்பு 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது 1970இல்தான்.

காமராசர் வரலாற்றுக்குத் திரும்புவோம். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்த அவர், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குச் செல்ல வேண்டும் என்ற திட்டத்தை வகுத்துத் தாமே முதலில் வழிகாட்டி, 1963 அக்டோபர் 2ஆம் நாள் பதவி விலகினார். அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். 1964இல் நேரு மறைந்தபின் லால் பகதூர் சாசுத்திரியும், 1966இல் அவர் மறைந்தபின் இந்திரா காந்தியும் பிரதமராவதற்கு அவர் முதன்மைக் காரணமாயிருந்தார். தில்லியில் அவர் பெற்ற செல்வாக்கு பெரிது. அந்நாளில் தமிழகத்தில் அரிசிப் பஞ்சமும் மொழிப் போராட்டமும் மக்கள் உள்ளத்தைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தன.

1967 தேர்தலில் காங்கிரசு தோற்றது. விருதுநகரில், அவர் பிறந்த ஊரில், பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கு வேறுபாட்டில் காமராசரும் தோற்றார். மாணவர் போராட்டத்தில் முன்னின்ற தலைமுறையினர் பலர் அவர் திறந்த பள்ளிகளில் எழுத்தறிந்தவர்கள். நன்றி மறந்தனர் என்று வருந்துவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பள்ளிக்கூடம் கேள்வி கேட்கக் கற்பிக்கிறது. கற்றவன் முதலில் யார் ஆள்கிறாரோ அவரைத்தான் கேட்பான். முன்பு ராசாசியைக் கேட்டார்கள், பின்பு காங்கிரசைக் கேட்டார்கள். அப்பிள்ளைகளை எழுத்தறிய வைத்தவருக்கு இதில் குறை கூற ஒன்றுமில்லை.

அவருக்குப் பின் வந்த அரசுகள் பகல் உணவை நிறுத்தவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது, கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது, 2022இல் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் தொடக்கப்பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது. மேடையில் ஒருவரையொருவர் ஏசிக்கொண்ட கட்சிகள் அடுப்படியில் மட்டும் ஒருவர் வேலையை ஒருவர் தொடர்ந்து செய்துவந்தன.

1969இல் நாகர்கோயில் இடைத்தேர்தலில் வென்று காமராசர் மீண்டும் நாடாளுமன்றம் சென்றார். அதே ஆண்டில் காங்கிரசு பிளவுபட்டபோது பழைய காங்கிரசில் நின்றார்; ஆட்சிப் பதவி எதுவும் இன்றியே எஞ்சிய நாள்களைக் கழித்தார். முதலமைச்சர் பதவியை விட்ட நாளிலிருந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1975 அக்டோபர் 2ஆம் நாள், சென்னைத் தியாகராய நகரில் திருமலைப் பிள்ளை சாலையிலுள்ள வீட்டில் காலமானார். அது வாடகை வீடு. சொந்த வீடு அவருக்கு இருக்கவில்லை.